பட்டினியும் பளுவும்

(திண்டிவனத்தில் உடற்பயிற்சிக்கூட இளைஞர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜிம்முக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் முன்வரிசைத் தம்பிகள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். பளு தூக்குவது எலும்புக்கு நல்லது, தசைக்கு நல்லது, ரத்தச் சர்க்கரைக்கு நல்லது. எடை குறைக்கக் கூடாது என்று சொல்லவும் வரவில்லை. நான் பேச வந்தது ஒன்றே ஒன்றைப் பற்றி. காலையில் பளு தூக்கிவிட்டு நாள் முழுக்கப் பட்டினி கிடப்பதைப் பற்றி.

யார் இப்படிச் செய்கிறார்கள்? திண்டிவனம், விழுப்புரம் என்று நம் இரண்டு ஊரிலும் தேட வேண்டியதே இல்லை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர் செய்கிறார். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். உடம்பு கனமாக இருக்கிறதே என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்துகிறார். கல்யாணம் நிச்சயமான பிள்ளை, போட்டோ எடுக்க இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது என்று செய்கிறார். கல்லூரிப் பெண், தோழிகளின் ஒரு சொல் தாங்காமல் செய்கிறார். காலையில் பாலும் சர்க்கரையும் இல்லாத காபி, மதியம் வெள்ளரிக்காயும் கொஞ்சம் கோழிக்கறியும், இரவு நான்கு முட்டையின் வெள்ளைக்கரு. கேட்டால், "கட் பண்றேன் அண்ணா" என்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் அந்த நாளின் மொத்தச் சாப்பாடு 800 கலோரியைத் தாண்டாது.

உடம்புக்கு எவ்வளவு வேண்டும்? இந்தக் கணக்கை நமக்காகப் போட்டு வைத்திருப்பது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அந்த நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில். 1918இல் பெரி-பெரி நோயை ஆராய ராபர்ட் மெக்கரிசன் அங்கே தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் போனது. அவர்கள் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்த வேலை பார்த்தாலே ஒரு நாளைக்குச் சுமார் 2110 கலோரி வேண்டும். மிதமான உழைப்பு என்றால் 2710. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1660. மிதமான உழைப்பு என்றால் 2130. இதில் பாதியைக்கூடச் சாப்பிடாமல்தான் தம்பி டெட்லிஃப்ட் போடுகிறார்.

விளையாட்டு மருத்துவத்தில் இன்னொரு கணக்கு உண்டு. சாப்பிட்ட கலோரியில் பயிற்சிக்குச் செலவான கலோரியைக் கழியுங்கள். மீதி இருப்பதுதான் இதயம், மூளை, ஈரல், எலும்பு, கருப்பை எல்லாவற்றுக்குமான பங்கு. கொழுப்பு நீங்கலாக உள்ள உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் இந்த மீதி 30 கலோரிக்குக் கீழே இறங்கினால் ஹார்மோன்கள் தடுமாறத் தொடங்குகின்றன என்று இளம்பெண்களை வைத்து நடத்திய ஆய்வுகள் காட்டின. ஆண்களுக்கு இந்த எல்லை கொஞ்சம் முன்பின் இருக்கலாம். நம் 65 கிலோ தம்பிக்குக் கொழுப்பு நீங்கலாக 52 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 52ஐ 30ஆல் பெருக்கினால் 1560. ஒரு மணி நேரப் பயிற்சிக்கு 400. ஆக, எல்லைக் கோட்டில் நிற்கவே 1960 கலோரி தேவை. அவர் சாப்பிடுவதோ 800. பயிற்சிக்குப் போனது போக மிஞ்சுவது 400. கிலோவுக்கு 8 கலோரிகூட இல்லை.

வீடு கட்டக் கொத்தனாரை அழைத்து, செங்கல் மட்டும் தர மாட்டேன் என்று சொல்லிப் பாருங்கள். வேலை நடந்தே ஆக வேண்டும் என்றும் விரட்டினால், அவர் பின்கட்டுச் சுவரை இடித்து முன்கட்டுக்கு எடுப்பார். பளு தூக்குவது தசையைக் கட்டச் சொல்லும் கட்டளை. பட்டினி, இருப்பதைக் கரைத்து உயிரைக் காப்பாற்றச் சொல்லும் கட்டளை. இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் உடம்பு இரண்டாவதற்குத்தான் கீழ்ப்படியும். உயிர் பிழைப்பதுதான் அதற்கு முதல் வேலை.

நம் மாவட்டத்துக்கு உண்ணாநோன்பு புதிதல்ல. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. 24 தீர்த்தங்கரர்களையும் ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே சுமார் 1500 ஆண்டுகளுக்கு முந்தையது என்று கணிக்கப்படும் ஒரு கல்வெட்டு உண்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் துறந்ததை அது சொல்கிறது. அவர் உடம்பை விட்டுவிடத் தீர்மானித்தவர்; அதற்கான வழியைத் தேர்ந்தெடுத்தார்; அதன்படியே நோற்றார். நீங்கள் உடம்பை வளர்க்கத் தீர்மானித்தவர்கள். துறவியின் உணவு முறையையும் மல்லனின் வேலையையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டால் இரண்டு பேருடைய பலனும் கிடைக்காது.

"அண்ணா, நாலு வாரம்தானே, என்ன ஆகிவிடும்?" என்று கேட்பீர்கள். இதற்கு ஒரு பழைய சோதனை பதில் வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு எப்படி மறுபடி உணவூட்டுவது என்று அறிய, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். 1944 நவம்பரில் தொடங்கியது. போரில் ஆயுதம் தூக்க மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். எல்லோரும் திடகாத்திரமானவர்கள். முதல் 12 வாரம் நல்ல சாப்பாடு. அடுத்த 24 வாரம் அதைப் பாதியாகக் குறைத்து, சராசரியாக 1570 கலோரி மட்டும். அதோடு வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

கவனியுங்கள், 1570 கலோரி! நம் ஊர் ஜிம்களில் வாட்ஸ்அப் வழியாகச் சுற்றும் பல டயட் சார்ட்டுகளில் இருப்பதைவிட இது அதிகம். உலகம் இன்றுவரை அதைப் பட்டினிச் சோதனை என்றுதான் அழைக்கிறது.

என்ன நடந்தது? எடையில் கால் பங்கு போனது. உடம்பு ஓய்வில் செலவழிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. நாடித்துடிப்பு மெதுவானது. கணுக்காலில் நீர் கோத்தது. முடி கொட்டியது. கோடையிலும் குளிர் எடுத்தது. ஆண்மை உணர்வு அற்றுப்போனது. அதைவிட மனத்தில் நடந்ததுதான் பெரிது. சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்து இரவெல்லாம் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். சிடுசிடுத்தார்கள், தனித்துப் போனார்கள், சிலர் ஒளித்துச் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்வில் அழுதார்கள். சோதனை முடிந்த பிறகும் பல மாதம் பசி அடங்கவில்லை. இழந்த தசை மீள்வதற்கு முன்பே கொழுப்பு திரும்பி, பழைய அளவைத் தாண்டி ஏறியது. டயட்டை விட்ட மூன்றே மாதத்தில் முன்னைவிடத் தொப்பை போட்ட நண்பர் உங்களுக்கும் இருப்பார். மனத்திடம் இல்லாதவர் என்று அவரைக் கேலி செய்யாதீர்கள்.

இனி எடை இயந்திரம் சொல்லும் பொய்க்கு வருவோம். பட்டினி தொடங்கிய முதல் வாரத்தில் 4 கிலோ இறங்கிவிட்டது என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். ஒரு கிலோ உடற்கொழுப்பைக் கரைக்க ஏறத்தாழ 7700 கலோரி பற்றாக்குறை வேண்டும். வாரத்தில் 4 கிலோ கொழுப்பு கரைய, தினமும் 4400 கலோரி பற்றாக்குறை தேவை. அவ்வளவு கலோரியை அவர் முன்பும் சாப்பிட்டதில்லை, இன்றும் எரிப்பதில்லை. அப்படியானால் எது இறங்கியது? தசையிலும் ஈரலிலும் சுமார் அரைக் கிலோ மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு நின்றதும் முதலில் போவது அதுதான். அதிலேயே 2 கிலோ போய்விடும். குடலில் இருப்பது குறையும். உப்பும் அதோடு நீரும் போகும். பின்னாலேயே தசைப் புரதமும் போகத் தொடங்கும். கொழுப்பும் கரைகிறதுதான், ஆனால் இயந்திரம் காட்டும் அளவுக்கு அல்ல.

இன்னும் நாள் போனால் உடம்பு ஒவ்வொரு துறையாக மூடும். தைராய்டு ஹார்மோன் குறையும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையும். தசை வளர வேண்டும் என்று வந்தவருக்குத் தசை வளர்க்கும் ஹார்மோனே குறைகிறது. நோய் எதிர்ப்பு தளரும், புண் ஆறத் தாமதமாகும். வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக வரும். ஷாம்பு மேல் பழி போடுவார்கள். ஓடுகிறவர்களுக்குக் கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழும். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இந்த எல்லாத் தொல்லைகளையும் ஒரே தலைப்பில் சேர்த்து, விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை நோய்த்தொகுதி என்று வரையறுத்தது. 2018இலும் 2023இலும் அதைப் புதுப்பித்தது.

தங்கைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டினியோடு பயிற்சி செய்தால் மாதவிலக்கு தள்ளிப்போகும், பிறகு நின்றுபோகும். 'நல்லதாப் போச்சு, தொல்லை விட்டது' என்று நினைத்துவிடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. எலும்பு வலுவைச் சேர்த்துக்கொள்ளும் வயதில் அதை இழக்கிறீர்கள். பின்னால் முழுதாக ஈடுகட்ட முடிவதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிப் பேர் ஏற்கெனவே குறையோடு தொடங்குகிறார்கள். அதற்கு மேல் கீரையையும் முட்டையின் மஞ்சள் கருவையும் விலக்கினால், டிரெட்மில்லில் மூச்சு வாங்குவது உடம்பு கனத்தால் அல்ல, ரத்தக் குறைவால்.

இதயத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இதயம் ஒழுங்காகத் துடிக்கப் பொட்டாசியம், மெக்னீசியம், சோடியம் எல்லாம் அளவோடு வேண்டும். பட்டினி, வியர்வை, அதற்கு மேல் நீர் பிரிய மாத்திரை என்று சேர்ந்தால் அந்த அளவு கெட்டுத் துடிப்பு தாளம் தப்பும். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஒரு நாளைக்கு 400 கலோரிக்கும் குறைவான திரவப் புரத உணவு மோகமாகப் பரவியது. சுமார் 60 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளவயதுப் பெண்கள். இதயத் துடிப்புக் கோளாறு. 1997இல் அங்கேயே மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் ஐந்து வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். எடைப் பிரிவுக்குள் வர உணவையும் தண்ணீரையும் குறைத்து, காற்றுப் புகாத உடையில் சூடான அறையில் பயிற்சி செய்தவர்கள் அவர்கள். நம் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவு இறுதிப் போட்டி நாளன்று, இரவெல்லாம் உண்ணாமல், வியர்வை சிந்தி, முடியைக்கூட வெட்டியும், 100 கிராம் கூடுதலாகி வாய்ப்பை இழந்தார். மருத்துவர் குழுவே கூட இருந்தும் உடம்பு அதற்கு மேல் இறங்க மறுத்தது. வாட்ஸ்அப் சார்ட்டை நம்பி அதே வழியில் போகிறவருக்கு யார் துணை?

நமக்கு அருகில் நடந்ததையும் சொல்கிறேன். 2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், மாதக்கணக்கில் உணவைத் தவிர்த்துவந்த 18 வயதுப் பெண் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் பக்கம், மூன்று மாதம் பழச்சாறு மட்டுமே குடித்துவந்த 17 வயது மாணவர் மூச்சுத் திணறி இறந்தார். உடற்பயிற்சியும் தொடங்கியிருந்தார், யூடியூப் பார்த்து அந்த உணவு முறைக்குப் போனார் என்று குடும்பத்தார் சொன்னதாகச் செய்திகள் வந்தன. கல்லூரிக்குப் போக வேண்டிய வயது. இந்தப் பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. உடம்பைக் கேலி செய்யும் நம் வாய்க்கும் இதில் பங்கு இருக்கிறது.

சரி, மறுபக்கத்தையும் பார்ப்போம். தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் எடை மிகுந்தவர்கள் என்று முன்பு சொன்ன அதே தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. எடை குறைக்க வேண்டியவர்கள் ஏராளம். மருத்துவர்களே 800 கலோரி உணவு கொடுப்பதில்லையா என்று படித்த தம்பி கேட்கலாம். கொடுக்கிறார்கள். பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான 'டைரக்ட்' ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி திரவ உணவு கொடுத்தார்கள். ஓராண்டில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய் பின்வாங்கியது. ஆனால் அது எப்படி நடந்தது? எல்லா ஊட்டச்சத்தும் அளந்து சேர்த்த உணவு. முதல் நாளே சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை மருத்துவர் நிறுத்தினார், விடாமல் கண்காணித்தார்கள். உடற்பயிற்சியைக் கூட்டும் திட்டம் வந்தது, வழக்கமான உணவு திரும்பத் தொடங்கிய பிறகுதான். கடுமையான உணவுக் குறைப்பையும் கடுமையான பயிற்சியையும் மருத்துவர்களே ஒன்றாகச் சேர்க்கவில்லை. நாம் சேர்க்கிறோம்.

அப்படியானால் வழி என்ன? மெதுவாக இறக்குவது. நார்வேயில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில் விளையாட்டு வீரர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு வாரத்துக்கு உடல் எடையில் 0.7 விழுக்காடு குறைத்தது, மற்றது 1.4 விழுக்காடு. இரண்டு பிரிவும் ஒரே மாதிரிப் பளு தூக்கியது. இறங்கிய மொத்த எடையும் ஏறத்தாழ ஒன்றே. மெதுவாக இறக்கியவர்களுக்குத் தசை 2.1 விழுக்காடு கூடியது. கொழுப்பும் அதிகம் கரைந்தது. வேகமாக இறக்கியவர்களுக்குத் தசை கூடவே இல்லை. அவ்வளவு வியர்வையும் வீண்.

நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வாரத்துக்கு அரைக் கிலோ குறைப்பதுதான் பாதுகாப்பு என்கிறது. எடை குறைக்கும் உணவு எதுவானாலும் 1000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்கிறது. அந்த 1000, பயிற்சி செய்யாதவருக்கும் அடிமட்டம். பளு தூக்குகிறவர் தமக்கு வேண்டிய அளவிலிருந்து 400, 500 மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். சாயங்காலப் போண்டாவும் சர்க்கரை போட்ட மூன்று டீயும் நள்ளிரவு பரோட்டாவும் போனாலே அது வந்துவிடும். சோற்றை ஒழிக்க வேண்டியதில்லை. ஒரு கரண்டி குறைத்து, காயும் பருப்பும் கூட்டுங்கள். காலையில் வெறும் வயிற்றில் தலை சுற்றினால், ஒரு வாழைப்பழமாவது தின்றுவிட்டுப் பளுவைத் தொடுங்கள்.

புரதம் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பளு தூக்குகிறவருக்குப் பயன்படுகிறது. அதற்கு மேல் பெரிய ஆதாயம் இல்லை. புரதப் பொடி டப்பா வாங்கப் பணம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த மல்லாட்டை (நிலக்கடலை) ரகங்கள் நாடெங்கும் விளைந்தவை, டி.எம்.வி. 2 ரகம் 1940இல் இங்கிருந்து போனது. 100 கிராம் மல்லாட்டையில் சுமார் 25 கிராம் புரதம். கலோரியும் 500க்கு மேல், எனவே ஒரு கைப்பிடி போதும். ஒரு முட்டையில் 6 கிராம். மஞ்சள் கருவைத் தூக்கி எறியாதீர்கள். மரக்காணத்து மீனும் கருவாடும் இருக்கின்றன. கொள்ளு, பாசிப்பயறு, கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை இருக்கின்றன. கருவாடு உப்பானது, கொதிப்பு உள்ளவர்கள் அளவோடு. வெயில் காலத்தில் வியர்த்துக் கொட்டியவர் வெறும் தண்ணீராகக் குடம் குடமாகக் குடிப்பதைவிட, உப்புப் போட்ட மோரையும் சேர்த்துக் குடிப்பது நல்லது. மரக்காணம் உப்பளத்தில் நாளெல்லாம் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள், வெறும் வயிற்றில் அந்த வெயிலில் நிற்க முடியுமா என்று.

இனி, எப்போது நிறுத்த வேண்டும்? எழுந்து நின்றதும் கண் இருட்டினால், படபடப்பு வந்தால், பயிற்சிக்குப் பின் சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால், மாதவிலக்கு மூன்று மாதம் வராவிட்டால், சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாவிட்டால், சாப்பிட்டதற்குத் தண்டனையாகக் கூடுதலாக ஓடத் தோன்றினால், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மயக்கமோ நெஞ்சு வலியோ வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் தாமாகச் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. தாழ்சர்க்கரை நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரே வேளையில் விருந்து வைப்பதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் திடீரென்று சரிந்து இதயத்தைத் தாக்கும். அவருக்கு உணவைத் திரும்பக் கொடுப்பதே மருத்துவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும்.

உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேர்க்கைப் படிவத்தில் பெயரும் எடையும் கேட்கிறீர்கள். இன்னும் மூன்று கேளுங்கள்: நேற்று என்ன சாப்பிட்டாய், என்ன மாத்திரை எடுக்கிறாய், எவ்வளவு தூங்குகிறாய். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்கும் பிள்ளைக்குக் கை தட்டாதீர்கள். அன்று அவருக்குப் பளுவைக் குறையுங்கள், சாப்பாட்டைக் கூட்டச் சொல்லுங்கள். எடையோடு அவர் தூக்கும் பளுவையும் குறித்து வையுங்கள். எடை இறங்கும்போது பளுவும் சேர்ந்து இறங்கினால், கரைவது தசை என்று ஐயப்படுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை சாப்பிடாமல் எழுந்து போனால் திட்டாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். உறவினர் முன்னால் அவர்கள் உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். அடுப்படியில் அவர்களையும் சேர்த்துக்கொண்டு, எண்ணெயைக் குறைப்பதா சோற்றைக் குறைப்பதா என்று கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.

தம்பிகளே, தங்கைகளே, 10 கிலோ குறைக்க உங்களுக்கு ஐந்து மாதம் ஆகும். கல்யாணமோ தேர்வோ அதற்குள் வந்தால், 4 கிலோ குறைந்த உடம்போடு தைரியமாகப் போய் நில்லுங்கள். மீதி ஆறு கிலோ அதற்குப் பிறகு இறங்கட்டும்.